ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: கடலில் வரும் எஃகு எங்கே குறைகிறது என்று சோதிப்பது எப்படி

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற இரண்டாம் உலகப் போர் கணினி ஆட்டத்தில் பிரிட்டனை எடுத்து ஆடும்போது அமெரிக்காவிடம் வாங்கிய எஃகு முழுசாக வந்து சேரவில்லை என்றால், பழி உடனே ஜெர்மன் நீர்மூழ்கிகள் மேல் விழும். பல நேரம் அது சரிதான். ஆனால் திரையில் ஒரே மாதிரி தெரியும் மூன்று வேறு காரணங்கள் உண்டு. விற்கும் நாட்டிடமே சரக்கு குறைந்திருக்கலாம். ஏற்றி வர உங்களிடம் கான்வாய், அதாவது ஆட்டத்தின் சரக்குக் கப்பல், போதாமல் இருக்கலாம். கான்வாய்கள் மூழ்கியதால் அந்த வழித்தடத்தின் செயல்திறன் விழுந்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்காமல் எடுக்கிற கணக்கு எதற்கும் உதவாது. கீழே உள்ள முறை முழுக்க இந்தப் பிரிப்புக்காகத்தான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ரயிலும் லாரியும் சுமப்பது படைகளுக்கான சப்ளை. எஃகு, அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், குரோமியம், எண்ணெய் ஆகியவை தரைவழியில் தலைநகரோடு இணைந்திருந்தால் ரயில் கணக்கு இல்லாமலே நாட்டின் பொதுக் கையிருப்பில் சேர்ந்துவிடும். எதிரி விமானம் உங்கள் ரயில்களை அடித்தால் முன்னணிப் படை பட்டினி கிடக்கும். எஃகு எண்ணிக்கை அதனால் அசையாது. வளங்களுக்குக் கான்வாய் தேவைப்படுவது கடல் குறுக்கிடும்போது மட்டும்தான்: கடல் தாண்டிய இறக்குமதிக்கும், கடல் தாண்டிய உங்கள் சொந்தப் பகுதிகளிலிருந்து வருவதற்கும். இறக்குமதிக்குக் கப்பல் கொடுப்பது வாங்குகிற நாடு.

சோதனைக்கு எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எண்ணெய் எரிபொருளாக மாறித் தொட்டிக்குப் போகிறது. தொட்டி குறைந்தால் வரத்து குறைந்ததா, செலவு கூடியதா என்று தெரியாது. எஃகுதான் சுத்தமானது.

ஆட்டத்தைத் தயார் செய்தல்

அயர்ன்மேன் முறை (அதில் கன்சோல் கட்டளைகள் வேலை செய்யாது) இல்லாமல் 1939 ஆகஸ்ட் 14 தொடக்கத்தைத் திறந்து, பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கும் வரை ஓடவிடுங்கள். இறங்கியதும் நிறுத்திவிட்டு கன்சோலை (கட்டளை அடிக்கும் பெட்டியை) திறந்து, ஏ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்தால் கணினி ஆடும் நாடுகள் எல்லாம் செயலற்று நிற்கும். இது மிக முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு நாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு நாட்டின் கணினி நீர்மூழ்கிகளை வேறு கடலுக்கு அனுப்பிவிடும், வணிக ஒப்பந்தங்களையும் மாற்றிவிடும். சேவ் கோப்பை (சேமித்த ஆட்டத்தை) மறுபடி திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டளை அமலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாடு மாற டேக் கட்டளையோடு மூன்றெழுத்துக் குறி போதும்: பிரிட்டனுக்கு இ-என்-ஜி, ஜெர்மனிக்கு ஜி-இ-ஆர்.

பிரிட்டன் பக்கம் மற்ற இறக்குமதிகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, அமெரிக்காவிடம் எஃகு மட்டும் வாங்குங்கள். ஒரு சிவில் தொழிற்சாலைக்கு 8 யூனிட் கிடைக்கும். 8 யூனிட்டோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. திரையில் எண்ணிக்கை முழு எண்ணாகத் தெரிந்தால் 8-ல் ஒரு யூனிட் என்பது 12.5 சதவீதம், அதற்குக் குறைந்த எந்த மாற்றமும் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். 10 தொழிற்சாலை போட்டு 80 யூனிட் வாங்கினால் ஒரு யூனிட் 1.25 சதவீதம் ஆகும். அளவுகோல் பத்து மடங்கு கூர்மையாகிறது. கட்டுமானம் நின்றுபோகும், இந்த ஆட்டத்தை நாம் ஜெயிக்கப்போவதில்லை, போகட்டும்.

கப்பல் தளங்களில் கான்வாய் தயாரிப்பையும் நிறுத்துங்கள். புதுக் கான்வாய்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தால் மூழ்கியதன் விளைவு மறைந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படைக்கு இப்போதைக்கு எந்தப் பணியும் வேண்டாம், எல்லாம் துறைமுகத்தில் நிற்கட்டும். ஜெர்மனிக்கு மாறி, ஒரே ஒரு நீர்மூழ்கிக் கூட்டத்தை பிரிட்டனுக்கு மேற்கே உள்ள வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் கடலில் கான்வாய் ரெய்டிங்குக்கு (சரக்குக் கப்பல்களைத் தாக்கும் பணிக்கு) போடுங்கள். அந்தக் கடல் கப்பல்களின் எட்டும் தூரத்துக்குள் வருகிறதா, உங்கள் எஃகு வழித்தடம் அதன் வழியாகத்தான் போகிறதா என்று எஃப்2 கடற்படை வரைபடத்தில் பாருங்கள். தானாகப் பழுதுபார்க்கப் போகும் அமைப்பையும், எவ்வளவு ஆபத்தில் மோத வேண்டும் என்ற அமைப்பையும் ஒருமுறை தீர்மானித்துவிட்டுக் கடைசி வரை மாற்றாதீர்கள். இங்கே நிறுத்தி ஒரு சேவ். இதுதான் மூலச் சேவ். இதன் மேல் எதையும் எழுதக் கூடாது.

எதைக் குறிக்க வேண்டும்

மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, ஒரு விரிதாளில் எழுதுங்கள்: தேதி, ஒப்பந்த அளவு, வந்து சேர்ந்த அளவு, தேவைப்படும் கான்வாய், கையில் உள்ள கான்வாய், இதுவரை மூழ்கியவை, வழித்தடத்தின் செயல்திறன், கடலில் உள்ள நீர்மூழ்கிகள், ஜெர்மனியின் எரிபொருள். 60 நாள் ஓட்டினால் போதும். விரிதாளின் கடைசி இரண்டு நெடுவரிசைகளையும் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியின் தொட்டி காலியானால் ரெய்டிங் தானாகத் தளரும்; அதைக் கவனிக்காதவர் ‘செயல்திறன் தானே ஏறுகிறது’ என்று தப்பான விதி எழுதிவிடுவார்.

கையால் எழுதச் சலிப்பாக இருந்தால், ஆவணங்கள் கோப்புறையில் உள்ள ஆட்டத்தின் செட்டிங்ஸ் கோப்பில் சேவ் கோப்பை பைனரியாக எழுதும் வரியை ‘நோ’ என்று மாற்றுங்கள். அதன்பின் சேவ் படிக்கத்தக்க உரையாகக் கிடைக்கும், சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றால் எண்களை உருவலாம்.

முதல் ஓட்டம் நீர்மூழ்கி இல்லாமல். மூலச் சேவைத் திறந்து, கூட்டத்தைத் துறைமுகத்துக்கு அழைத்துவிட்டு 60 நாள் ஓட்டுங்கள். 80 வாங்கி 80 வந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் காரணம் விற்பவரிடமோ, கான்வாய் தட்டுப்பாட்டிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்து ரெய்டிங்கோடு, மூலச் சேவிலிருந்து மூன்று முறை. மூன்றும் அச்சு அசலாக ஒரே எண்களைத் தந்தால் அதிர்ஷ்டக் கணக்கு சேவோடு சேர்ந்தே பதிவாகியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஒரே சேவ் கோப்பை நூறு முறை ஓட்டினாலும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு முடிவுதான். தொடக்கத்தை ஓரிரு நாள் முன்பின் நகர்த்திப் பல மூலச் சேவ்கள் செய்யுங்கள். வேறுபட்டால் அதே சேவ் போதும்.

எவ்வளவு வேறுபாடு இயல்பு? தனித்தனியாக நடக்கும் சம்பவங்களின் எண்ணிக்கை சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு ஊசலாடும். சராசரி 36 கப்பல் மூழ்கினால் 30-ம் 42-ம் வருவதில் அதிசயம் இல்லை. கான்வாய்கள் ஒரு மோதலில் பல சேர்ந்து மூழ்குவதால் நிஜத்தில் ஊசல் இதைவிடப் பெரிது. ஆகவே ஒரு ஓட்டத்தில் 31, இன்னொன்றில் 40 என்பதை வைத்து ‘புது அமைப்பு வேலை செய்கிறது’ என்று அறிவிக்காதீர்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஆறு ஓட்டமாவது வேண்டும்.

இரண்டு குறைபாடுகள் எப்படிச் சேர்கின்றன

இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் சறுக்குகின்றன. ஒரு உதாரணம். செயல்திறன் 92 சதவீதம்; 40 கான்வாய் தேவை, கையில் 37, அதாவது 92.5 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 85.1 சதவீதம், 80-க்கு 68 யூனிட். இழப்புகளைக் கூட்டிக் கழித்தால் 84.5 சதவீதம், 67.6 யூனிட், முழு எண்ணாக்கினால் அதுவும் 68. திரையில் 68 வந்தது, ‘பெருக்கல்தான், நிரூபித்துவிட்டேன்’ என்றால் அது நிரூபணம் இல்லை. இரண்டு விதியும் அதே விடையைத்தான் தருகின்றன.

விதிகள் பிரிவது ஓரங்களில். செயல்திறன் 50, கான்வாய் 50 சதவீதம் வரும் நிலைக்குத் தள்ளுங்கள். பெருக்கல் என்றால் 20 யூனிட் வரும். இரண்டில் சிறியதை மட்டும் எடுத்தால் 40. கூட்டல் என்றால் பூஜ்யம். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பவே முடியாது. கான்வாயைப் பாதியாக்க, இன்னொரு பெரிய கடல்வழி இறக்குமதியைச் சேர்த்துக் கையிருப்பை விழுங்கவிடலாம். செயல்திறனைப் பாதியாக்க நீர்மூழ்கிகளைக் கூட்டலாம்.

மூழ்கியதுக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவை ஆட்டத்தின் காமன் கோப்புறையில், டிஃபைன்ஸ் உள்ளே ஆட்டத்தின் விதி எண்கள் எழுதப்பட்டுள்ள லுவா கோப்பிலேயே பார்க்கலாம். கடற்படைப் பிரிவில் ‘கான்வாய் எஃபிஷியன்சி’ என்று தொடங்கும் வரிகள் இருக்கும்: இழப்பின் பெருக்கி, எத்தனை நாள் அமைதிக்குப் பின் மீட்பு தொடங்கும், மீட்பின் வேகம், கீழே போகக்கூடிய எல்லை. மதிப்புகளை உங்கள் பதிப்பின் கோப்பிலிருந்தே எடுங்கள், வேறெங்கோ படித்ததை நம்பவேண்டாம். மூலக் கோப்பைத் தொடாமல், சிறிய மாட் (ஆட்டத்தின் விதிகளை மாற்றும் துணைத் தொகுப்பு) ஒன்றில் இழப்பின் பெருக்கியைப் பூஜ்யமாக்கி அதே ரெய்டிங்கை ஓட்டுங்கள். கப்பல்கள் மூழ்கும், செயல்திறன் விழாது. அப்போதும் எஃகு குறைந்தால் அந்தக் குறைவு முழுக்கக் கான்வாய் தட்டுப்பாட்டினுடையது. இந்த ஒரு சோதனை நிறைய வாதங்களை முடித்துவைக்கும்.

இழப்பு எத்தனை கப்பல் என்பதைப் பொறுத்ததா, வழித்தடத்தில் இருந்ததில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்ததா? 8 யூனிட் ஒப்பந்தம் ஒன்றையும் 80 யூனிட் ஒப்பந்தம் ஒன்றையும் தனித்தனியாக ஓட்டி, செயல்திறன் விழுந்த அளவை மூழ்கிய எண்ணிக்கையாலும், பின் மூழ்கிய பங்காலும் வகுத்துப் பாருங்கள். எந்த வகுத்தல் இரண்டு ஒப்பந்தத்துக்கும் ஒரே எண்ணைத் தருகிறதோ அதுதான் விதி. சின்ன ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த எஃகைப் பார்க்காமல் செயல்திறன் சதவீதத்தைப் பாருங்கள், முன்பு சொன்ன அளவுகோல் சிக்கல் அங்கே திரும்ப வரும்.

உண்மைப் போரிலும் இதே கேள்வி எழுந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு இழப்புப் பதிவுகளை ஆராய்ந்து, ஒரு தாக்குதலில் மூழ்கும் கப்பல்களின் எண்ணிக்கை கான்வாயின் (இங்கே சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தின்) அளவைச் சார்ந்து பெரிதாக மாறவில்லை என்று கண்டது. காவல் கப்பல்கள் காப்பது கூட்டத்தின் சுற்றளவை. பரப்பு இரண்டு மடங்கானால் சுற்றளவு 1.41 மடங்குதான் ஆகிறது. எனவே பெரிய கான்வாயில் ஒரு கப்பலுக்கான ஆபத்து குறைவு. ஆட்டமும் இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்பதை மேலே உள்ள இரண்டு ஓட்டங்களில் மூழ்கிய எண்ணிக்கையை ஒப்பிட்டே சொல்லிவிடலாம்.

மீட்பைப் பார்க்க, செயல்திறன் நன்றாக விழுந்த ஒரு நாளில் நீர்மூழ்கிகளைத் திரும்ப அழைத்துவிட்டு இந்த முறை தினமும் குறியுங்கள். முதலில் சில நாள் எண் அசையாமல் நிற்கும், பிறகு ஏறும். அசையாத நாட்களைக் கடைசிக் கப்பல் மூழ்கிய தேதியிலிருந்து எண்ணவேண்டும், நீங்கள் கட்டளை கொடுத்த தேதியிலிருந்து எண்ணினால் தப்பும். திரும்பும் வழியிலும் நீர்மூழ்கிகள் மோதக்கூடும். தினசரி ஏற்றத்தின் வித்தியாசம் ஒரே எண்ணாக இருந்தால் நேர்கோடு, சுருங்கிக்கொண்டே போனால் வளைவு.

இதெல்லாம் முடிந்த பின்புதான் காவல் கப்பல்களைச் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றமாக: முதலில் டெஸ்ட்ராயர் மட்டும், பிறகு விமானம் மட்டும். அபாயக் கடலைத் தவிர்க்கும்படி வழியை மாற்றிப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. ஆனால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தேவைப்படும் கான்வாய் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். சுற்றுவழியில் அது கூடினால், நீர்மூழ்கியிடம் தப்பியதைத் தட்டுப்பாட்டில் இழக்க நேரும். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஆட்டத்தின் பதிப்பு எண்ணும், இயங்கிய மாட்களின் பெயரும் இருக்கட்டும். பேட்ச் வந்தால் டிஃபைன்ஸ் கோப்பைப் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளுக்கான ஓட்டங்களை மட்டும் மறுபடி செய்தால் போதும்.