தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: மாதம் பார்க்காமல் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்கிவிடும். "சார், ஸ்கூல்ல ரிலீவ் ஆகிட்டேன். தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு ட்ரை பண்ணலாம்னு இருக்கேன். எங்க அப்ளை பண்றது?" கேட்கிறவர்கள் எல்லாரும் நல்ல ஆசிரியர்கள். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., சில வருட அனுபவம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்கிற மாதம் தவறு. நான் தாய்லாந்து போன காலத்தில் எங்கள் கூட்டமும் இப்படித்தான் ஜூனில் கிளம்பியது. இத்தனை வருடம் கழித்தும் அதே ஜூனில் அதே கேள்வி வரும்போது சங்கடமாக இருக்கிறது.

பயோடேட்டாவில் எழுத்துப்பிழை கூடாது, நேர்காணலுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலக்கணக்கு பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக் கணக்கில் தேடுவது

தாய்லாந்து அரசுப் பள்ளிகளின் முதல் பருவம் மே 16இல் தொடங்கி அக்டோபர் 11இல் முடிகிறது. இரண்டாம் பருவம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. தனியார் பள்ளிகளில் சில நாட்கள் முன்னே பின்னே இருக்கும். சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் ஆகஸ்டில்தான் ஆண்டு பிறக்கும். அந்தக் கணக்கு வேறு.

மே நடுவில் பள்ளி திறக்கிறது என்றால், ஆள் தேடுவது பிப்ரவரியிலேயே சூடு பிடித்துவிடும். மார்ச், ஏப்ரலில் உச்சம். நம் ஊரில் என்ன நடக்கிறது? ஏப்ரலில் தேர்வு, மேயில் விடுமுறை, "மே மாசச் சம்பளத்தை வாங்கிட்டு எழுதிக் கொடுக்கலாம்" என்ற காத்திருப்பு. ஜூனில் பள்ளி திறந்த பிறகு வந்து கையெழுத்துப் போட்டால்தான் மே சம்பளம் என்று வைத்திருக்கும் தனியார் பள்ளிகள் நம்மிடம் நிறைய. அந்த ஒரு மாதச் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்காகக் காத்திருந்து நீங்கள் தேட ஆரம்பிக்கும் நாளில் அங்கே வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். மிச்சம் இருப்பது, பாதியில் ஓடிப்போன யாரோ ஒருவருடைய இடம்தான். அவர் ஏன் ஓடினார் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பல பள்ளிகள் முதலில் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான் வலை வீசும். அவர்கள் கிடைக்காத இடங்கள் ஏப்ரல் கடைசியில் நம்மைப் போன்றவர்களுக்குத் திறக்கும். நியாயமா என்றால் இல்லை. ஆனால் நடப்பு இதுதான். அப்படித் திறக்கும் கதவு சில நாட்கள்தான் திறந்திருக்கும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை

சொங்கிரான். நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்கள், அங்கும் புத்தாண்டுதான். மெயிலுக்குப் பதில் வராது. முக்கியமான பேச்சை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

"வேலை கிடைக்கட்டும், சர்டிபிகேட்டை அப்புறம் பார்த்துக்கலாம்"

எனக்கு இன்னும் ஆற்றாமை தரும் தவறு இதுதான். மாதத்தைச் சரியாகப் பிடித்தவர்கள்கூட இங்கே வந்து விழுகிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அருமையாகப் பாடம் நடத்துவாள். நான் சொன்னபடி பிப்ரவரியிலேயே தேடத் தொடங்கினாள். ஏப்ரல் கடைசி வாரத்தில் வடகிழக்குத் தாய்லாந்தில், ஈசான் பகுதியில், ஒரு பள்ளி வீடியோ காலில் பேசி அவளைத் தேர்ந்தெடுத்தது. டிகிரி, டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் பட்டியல்), போலீஸ் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். அவளிடம் இருந்தது புரொவிஷனல் சர்டிபிகேட்டும் (பட்டம் வரும்வரை தரும் தற்காலிகச் சான்றிதழ்) பருவவாரியான மார்க் ஷீட்டுகளும் மட்டும்.

நம்மில் எத்தனை பேர் பட்டமளிப்பு விழாவுக்குப் போனோம்? புரொவிஷனலை வைத்தே உள்ளூரில் வேலை கிடைத்துவிடுகிறது, அதனால் அசல் பட்டச் சான்றிதழை வாங்கும் நினைப்பே வருவதில்லை. அது கல்லூரி ஆபீஸ் பீரோவில் கிடக்கும், அல்லது பல்கலைக்கழகத்தில் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டோம். வெளிநாட்டுப் பள்ளிக்கு புரொவிஷனல் என்றால் என்னவென்றே புரியாது. "படிப்பை முடிக்கவில்லையா?" என்று கேட்பார்கள்.

அவள் ஓடினாள். பல்கலைக்கழகத்தில் பட்டச் சான்றிதழுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பம் போட்டாள். அதற்கு பி.எட். அசலும் காட்ட வேண்டியிருந்தது. அதை அவள் வேலை பார்த்த பள்ளி, சேரும்போதே வாங்கி வைத்திருந்தது. கணக்கு முடித்து ரிலீவ் ஆனால்தான் தருவார்களாம். எல்லாம் ஒருவழியாகக் கூடி வரும்போது இனிஷியல் வந்து நின்றது. டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க வேண்டியதாயிற்று. மே 16க்குப் பள்ளி திறந்துவிட்டது. அந்தப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு வகுப்பில் ஆசிரியர் வேண்டும். எல்லாக் காகிதத்தையும் ஒரே பைலில் வைத்திருந்த பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே நமக்குப் போட்டி பிலிப்பைன்ஸ்காரர்கள்தான். நம்மைவிட நன்றாக நடத்துகிறார்களா என்பது வேறு பேச்சு. காகிதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஏப்ரல் கடைசியில் திறக்கும் அந்தக் கதவுக்குள் அவர்கள் நுழைந்துவிடுவது அதனால்தான்.

இதில் பள்ளியின் வேலையும் கலந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கான நான்-பி விசாவுக்குக் கடிதங்களைப் பள்ளிதான் தர வேண்டும். தாய்லாந்து ஆசிரியர் கவுன்சிலான குருசபாவிடம் உங்களுக்காகக் கற்பிக்கும் அனுமதி கேட்பதும் பள்ளிதான். அப்புறம் வொர்க் பெர்மிட். ஒவ்வொரு படியிலும் உங்கள் டிகிரி தேவைப்படும். அது ஒன்று இல்லையென்றால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

ஆகவே இதை அக்டோபரிலேயே தொடங்குங்கள், வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. பட்டச் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட் இரண்டும் டிசம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். பெயர் முரண்பாடு இருந்தால் அதையும் அப்போதே சரி செய்யுங்கள். அசல் சான்றிதழ் பள்ளியிடம் மாட்டியிருந்தால், நல்லபடியாகப் பேசி, பல்கலைக்கழகத்தில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். புதிதாக வேலையில் சேருகிறவர்கள், நகலைக் கொடுத்து அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அட்டெஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்று அரசு போடும் முத்திரை) தேவைப்பட்டால் முதலில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு தூதரகம் என்று படிப்படியாகத்தான் போகும். எந்தப் படி வரை வேண்டும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

போலீஸ் சான்றிதழை முந்தி வாங்குவது

மேலே சொன்னதைக் கேட்டு, பி.சி.சி. எனப்படும் இந்தப் போலீஸ் சான்றிதழையும் அக்டோபரிலேயே வாங்கிவிடுகிறார்கள் சிலர். அதைப் பொதுவாக ஆறு மாதம்தான் மதிப்பார்கள்; மே வரும்போது பழசாகிவிடும். பாஸ்போர்ட் சேவா வழியாக பிப்ரவரியில் விண்ணப்பியுங்கள். வீடு மாறியிருந்தால் விசாரணைக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். டோயிக், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு வருடம் செல்லும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எழுதலாம். டோயிக்கில் 600 என்பது பல பள்ளிகள் கேட்கும் எண்.

ராஜினாமா

ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். கையெழுத்தான பிறகு மே சம்பளத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

சுற்றுலாவாகப் போய் நேரில் தேடுவது

2024 ஜூலையில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 60 நாள் விசா இல்லா அனுமதி தந்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறும், கிளம்பும் முன் பாருங்கள். மார்ச்சில் போய்ப் பள்ளிகளை நேரில் பார்ப்பதில் தவறு ஏதும் இல்லை. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு வகுப்பில் நின்று பாடம் நடத்துவதுதான் தவறு. "இப்போது ஆரம்பியுங்கள், விசா பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடம் ஜூன், ஜூலையில்தான் அதிகம் அகப்படும், ஏனென்றால் அவசரம் அவர்களுக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். பிடிபட்டால் அபராதம் கட்டி நாடு கடத்தப்படுவது நீங்கள்தான்.

2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம். ஆசிரியர் வேலை என்றாலும் பள்ளியின் பெயர், முகவரி, வகுப்பு நேரம் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள்.

வேறு நாடுகளுக்கும் இதே கணக்கைப் போடுவது

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழ் வந்த பிறகுதான் விசா என்பதால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தேட வேண்டும். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பலவும் ஏப்ரலில் திறப்பதால் டிசம்பர், ஜனவரியை விட்டுவிடாதீர்கள். வியட்நாம் மொழி மையங்கள் ஆண்டு முழுதும் எடுக்கும், அவர்களுடைய டெட் புத்தாண்டை ஒட்டிய வாரங்கள் தவிர. தென் கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர் எடுக்கும் எபிக் திட்டம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் 7 நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்.

மே போனால் அக்டோபர் இருக்கிறதே என்பது

இருக்கிறது. நவம்பர் 1 பருவத்துக்காகச் செப்டம்பர், அக்டோபரில் ஆள் எடுப்பார்கள். இடங்கள் குறைவு, போட்டியும் கொஞ்சம் குறைவு. ஜூனில் எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு நான் காட்டும் வழியும் இதுதான். அதற்குள் சான்றிதழ் வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். பல ஒப்பந்தங்கள் மார்ச்சோடு முடிந்துவிடும். நவம்பரில் சேர்ந்தால் ஐந்து மாதச் சம்பளம், அப்புறம் புதுப் பருவம் தொடங்கும்வரை ஒன்றும் இல்லை. விமானச் செலவு, அறை முன்பணம், விசாச் செலவு எல்லாவற்றையும் அந்த ஐந்து மாதத்திலிருந்து எடுக்க முடியுமா என்று பேப்பரில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பள்ளியே நேரடியாகத் தரும் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் என்றால் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே எடுக்கச் சொல்வேன். விசா நீட்டிப்பும் அந்த ஒப்பந்தத் தேதியை ஒட்டித்தான் ஓடும். மார்ச்சில் முடிகிற ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஏப்ரலில் அங்கே தங்குவதற்கு மறுபடி அலைய வேண்டும்.