மீன் செத்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள்

செத்த மீனைப் பார்த்ததும் கை வாளியைத் தேடும். உடனே தண்ணீரை மாற்றினால் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிமிடம் பொறுங்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து மூடித் தனியாக வையுங்கள். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தண்ணீரை மாற்றியபின் சோதித்தால் புதுத் தண்ணீரின் கதைதான் தெரியும். மீனைக் கொன்ற தண்ணீர் அதற்குள் வடிகாலில் போயிருக்கும்.

அடுத்தது நேரம். மீன் எப்போது செத்தது, அல்லது எப்போது தவித்தது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

விடியற்காலையில் விளக்கு போடும் முன் மீன்களெல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, மதியத்துக்குள் சரியாகிவிடுகின்றன என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. செடி இருந்தால் ஆக்சிஜன் தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். வெளிச்சம் இருக்கும்வரைதான் அது உண்மை. இருட்டில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். செடி அடர்ந்த சின்னத் தொட்டியில் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் இன்னும் மோசம்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். செடிக்கென்று கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது நிற்கும்படி டைமர் வையுங்கள். மற்றவர்கள் ராத்திரியில் ஏர் பம்ப் ஓட விடுங்கள், அல்லது ஃபில்டரின் வாயை மேலே திருப்பித் தண்ணீரின் மேற்பரப்பு அலையும்படி செய்யுங்கள். எண்ணெய்ப் படலம் போல மேலே ஏதாவது படிந்திருந்தால் ஒரு காகிதத் துண்டைப் பரப்பி எடுத்துவிடுங்கள்.

காற்று விட்டு அரை மணி நேரமாகியும் மீன் மேலேயே தவித்தால், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை அதனால் எடுக்க முடியவில்லை என்று சந்தேகப்படலாம். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் ரத்தத்துக்குள் போய், அது ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். நைட்ரைட்டில் செத்த மீனின் செவுள் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். தொட்டி வைத்து ஒன்றரை மாதம் ஆகவில்லை என்றால் இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்வதே அதிகம். அதனால்தான் பழைய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிப் பயனில்லை, பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தால் பயன் உண்டு. அப்புறம், செடிக்கென்று விற்கும் சத்து மண் முதல் சில வாரங்கள் தானே அம்மோனியாவை விடும். இடம் மாறிய கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் கூழாகிக் கரையும்போதும் அப்படித்தான்; அழுகிய இலையை அன்றன்றைக்கே கிள்ளி எடுங்கள்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் செத்தால்? குளோரின் முதல் சந்தேகம். சாதாரணக் குளோரின் வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீராக இருந்தால் பல நாள் வைத்தாலும் போகாது, அதற்குக் குளோரின் நீக்கும் மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும். குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடுகிறீர்கள் என்றால் மருந்தின் அளவைப் புதுத் தண்ணீருக்கு மட்டுமல்லாமல் தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்கும் கணக்கிடுங்கள். ஆனால் குளோரினே இல்லாத தண்ணீரை மாற்றியும் மீன் சாவதுண்டு. என்னைப் புரட்டிப்போட்டது அதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது 40 லிட்டர் தொட்டி. கூழாங்கல், ஒரு மரக்கட்டை, அதில் ஜாவா ஃபெர்ன், பின்னால் வாலிஸ்நேரியா, பன்னிரண்டு நியான் டெட்ரா. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. செடி செழித்திருந்தது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அதனால் இரண்டரை மாதம் தண்ணீரே மாற்றவில்லை. ஆவியாகிக் குறைந்ததை மட்டும் சுத்திகரித்த தண்ணீரால் நிரப்பிவந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை மனசு உறுத்த, பாதித் தண்ணீரை மாற்றினேன். மருந்து ஊற்றியிருந்தேன், சூடும் சரியாக இருந்தது. மறுநாள் காலையில் ஐந்து டெட்ராக்கள் அடியில் கிடந்தன.

தொட்டியைச் சோதித்தேன்: அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு), பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.8. இரண்டு வருடத் தொட்டியில் 4 பிபிஎம் அம்மோனியா எப்படி வரும் என்று பிடிபடவே இல்லை. பூந்தொட்டிகளுக்கு ஊற்றலாம் என்று மாற்றிய பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சோதித்தேன். பிஎச், கிட்டின் அடிமட்ட நிறமான 6. அம்மோனியா அட்டையின் கடைசி நிறம், 8 பிபிஎம். தண்ணீர் அமிலத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் கேஎச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறியது. அதாவது கேஎச் ஏறக்குறைய இல்லை.

நடந்தது இதுதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், அதைத்தான் கேஎச் என்கிறோம். தண்ணீர் மாற்றாமல் விட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் பிஎச் சரியும். 6-ஐ ஒட்டி வந்ததும் பாக்டீரியா சோர்ந்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் குறைந்த பிஎச்சில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியமாகவே இருக்கும், அதன் கடுமை மிகக் குறைவு. பிஎச் 7-ல் சுமார் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவம், 8-ல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். என் மீன்கள் 8 பிபிஎம்மில் சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தன. நான் நல்ல தண்ணீர் ஊற்றிப் பிஎச்சை 7.8-க்குத் தூக்கியதும், அம்மோனியா பாதியாகக் குறைந்தும் அதன் நச்சுப் பங்கு இருபது மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அந்த வாளி இல்லாமல் போயிருந்தால் மீன் கொண்டுவந்த நோய் என்று முடிவு கட்டி மருந்து ஊற்றியிருப்பேன்.

ஆகவே நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் 6.5-க்குக் கீழும் அம்மோனியா ஏறியும் இருந்தால் பெரிய மாற்றம் கூடாது. இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் பத்து சதவீதம் மட்டும் மாற்றுங்கள், அம்மோனியாவையும் கட்டுகிற மருந்தைச் சேர்த்து. நொறுக்கிய பவளக் கல்லை ஒரு சின்ன வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் கேஎச் மெதுவாக ஏறும். நான் வைத்தது இரண்டு கைப்பிடி.

பிஎச் 7-க்கு மேல் இருந்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மைத் தொட்டால் கதை தலைகீழ். அப்போது பாதித் தண்ணீரை அன்றே மாற்றலாம், மறுநாள் சோதித்துத் தேவைப்பட்டால் இன்னொரு முறையும். நைட்ரைட்டுக்கு உப்பும் உதவும். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம் போதும், அந்த அளவு செடியைக் கெடுக்காது.

சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. பல டெஸ்ட் ஸ்ட்ரிப்களில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது, நமக்கு வேண்டியதோ அதுதான். சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் வேகமாகக் குலுக்காவிட்டால் அடியில் தங்கியது கலக்காமல், இல்லாத சுத்தத்தைக் காட்டும்.

மீன் நன்றாக இருந்து இறாலும் நத்தையும் மட்டும் செத்தால் தாமிரத்தைச் சந்தேகியுங்கள். மீன் மருந்துகள் சிலவற்றிலேயே அது இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் துடித்துச் செத்தால், அந்த அறையில் யாராவது கொசுவுக்கோ கரப்பான் பூச்சிக்கோ ஸ்பிரே அடித்தார்களா என்று கேளுங்கள். அவற்றிலுள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம், ஏர் பம்ப் அறைக்காற்றையேதான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் பல மணி நேரம் நின்றிருந்தால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல் உள்ளே தேங்கிய தண்ணீரை முதலில் கொட்டிவிடுங்கள். சோதனையில் எல்லாம் சரியாக இருந்து வாரத்துக்கு ஒன்று என்று போனால் தண்ணீரைக் குற்றம் சொல்ல வேண்டாம், மீனின் உடம்பைப் பாருங்கள்: ஒட்டிய வயிறு, வெள்ளைப் புள்ளி, தூக்கி நிற்கும் செதில்.

இந்த நாட்களில் ஃபில்டரைக் குழாயடியில் கழுவாதீர்கள். அடைத்திருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதும். மருந்து, பாக்டீரியா பாட்டில், உப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊற்றவும் வேண்டாம், எது உதவியது எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. செத்த மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் செடிக்கு அடியில் தேடி எடுங்கள், 40 லிட்டரில் ஒரு மீன் அழுகினாலே அம்மோனியா காட்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் விடாதீர்கள். நான் ஆறு வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறு காலையும் கேஎச், பிஎச், அம்மோனியா மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன், வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். கடைசி நான்கு வாரமும் கேஎச் 3-க்குக் கீழே இறங்கவில்லை. அதன் பிறகுதான், மிச்சமிருந்த ஏழு டெட்ராக்களோடு இன்னும் ஐந்தைச் சேர்த்தேன்.