தில்லியில் கர்நாடக இசை முதுகலைக்குத் தயாராவது எப்படி?

கரோல் பாக், மயூர் விஹார், ராமகிருஷ்ணபுரம் பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே பாட்டு வகுப்பில் சேர்ந்து, கோயில் விழாக்களில் மேடையேறும் அளவுக்கு முன்னேறிவிடுகிறார்கள். ஆனால், இசையைப் பட்டப்படிப்புக்கு மேலும் தொடர வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று பல வீடுகளில் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இசை, நுண்கலைப் புலத்தில் இந்துஸ்தானி இசையுடன் கர்நாடக இசைக்கும் முதுகலைப் படிப்பு உண்டு. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வந்து, மஞ்சள் தடத்தில் மாறினால் விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கலாம்.

சேர்க்கைக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் (CUET) எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வின் முதுகலைப் பிரிவை எழுத வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும் என்பதால், ஊகத்தில் குறிப்பது நல்லதல்ல. தகுதி, செய்முறைத் தேர்வு பற்றிய விதிகளை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பாடுகிறவர்களும் தடுமாறுவது இசையின் இலக்கணத்தைக் கேட்கும் இலட்சணப் பகுதியில்தான். குருவிடம் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தவருக்கு இராகம் குரலில் இருக்கும். அதன் இலக்கணத்தை எழுதச் சொன்னால் ஏறும், இறங்கும் ஸ்வர வரிசையான ஆரோகண அவரோகணத்தோடு பேனா நின்றுவிடும். தோடி இராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரக் குறிப்பில் ‘க’ என்று ஓர் எழுத்தாக நிற்கும் சாதாரண காந்தாரம், பாடும்போது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. கமகம் எனப்படும் அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடியே இல்லை. இதைச் சொற்களில் விளக்கத் தெரிந்தவரே முதுகலைக்குத் தயாரானவர் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, நீங்கள் பாடும் இராகங்களில் நாளுக்கு ஒன்றை எடுத்து, அதற்கு உயிரூட்டும் ஜீவ ஸ்வரங்கள், கமகங்கள், பிரயோகங்கள் எனப்படும் ஸ்வரத் தொடர்கள், அதில் அமைந்த உருப்படிகள் (பாடல்கள்) ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருவதால், தமிழில் புரிந்துகொண்டதை ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

வரலாற்றில், வேங்கடமகியின் 72 மேளகர்த்தா (தாய் இராக) திட்டம், 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’, 1917-இல் வந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ ஆகியவற்றை அறிமுக அளவிலாவது தெரிந்துவைத்திருங்கள். தில்லியில் படிப்பதன் தனி இலாபம் இந்துஸ்தானி இசை பக்கத்திலேயே கிடைப்பது. கர்நாடக இசையின் ஹிந்தோளமும் இந்துஸ்தானியின் மால்கௌன்ஸும் ஒரே ஐந்து ஸ்வரங்களைக் கொண்டவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, எந்த ஸ்வரத்தில் நிற்கிறார்கள், எங்கே அசைக்கிறார்கள் என்று ஒப்பிட்டால், நம் கமகத்தின் இயல்பு இன்னும் தெளிவாக விளங்கும்.

செய்முறைக்குப் புதிய உருப்படிகளைக் குவிக்க வேண்டாம். ஒரு வர்ணத்தை இரண்டு காலங்களில் தாளம் பிசகாமல் பாடுவதும், ஒரு கீர்த்தனைக்கு முன் சுருக்கமாக ஆலாபனை செய்து, நிரவலும் (ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுவது) கற்பனை ஸ்வரமும் (ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுவது) சேர்ப்பதும் நல்ல அடித்தளம்.

முனைவர் பட்டம் வரை செல்ல எண்ணுபவர்கள், முதுகலையிலேயே யுஜிசி நெட் (UGC NET) என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கலாம்; இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் வீட்டுக்குச் சுமையின்றி ஆய்வு செய்யலாம். மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் உள்ள சங்கீத நாடக அகாதெமியின் ஒலி, ஒளிப்பதிவுக் களஞ்சியத்தை இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுமுன், அத்துறையில் வழிகாட்டக்கூடிய பேராசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்து, உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அவரை நேரில் சந்தியுங்கள்.