பழைய சிட்டியா, வெர்னாவா, சியாஸா: எந்த இன்ஜின் எங்கே கெடும்?

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள், இரண்டு பக்கமும் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகள். கேரளத்து கேஎல் நம்பர் வண்டி பொள்ளாச்சியில் நின்றால் விலை இறங்கும். வரி கட்டி நம்பர் மாற்றும் அலைச்சல் அதில் கழிகிறது. அந்தக் குறைந்த விலையைப் பார்த்துத்தான் பலர் 2014 முதல் 2020 வரை வந்த ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ் போன்ற செடான்களைத் தேடி வருகிறார்கள். வந்ததும் கேட்கும் கேள்வி: "எந்த இன்ஜின் நல்லது?"

இதற்குப் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். கெட்டால் எங்கே கெடும், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எல்லா மெக்கானிக்கும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு வண்டியைப் பார்க்கப் போவதுதான் வேலை.

முதலில் மாத ஓட்டம்

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி 14, டீசல் வண்டி 19 கி.மீ. கொடுக்கிறது. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோலுக்கு சுமார் 7,140, டீசலுக்கு 4,840. மிச்சம் 2,300. மாதம் 500 கி.மீ. என்றால் வருடத்துக்கே 13,800தான் மிச்சம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றைப் புதிதாக மாற்றினால் அது போய்விடும். மாதம் 1,200 கி.மீ.க்குக் கீழே ஓட்டுகிறவர் பழைய டீசல் பக்கம் போக வேண்டியதில்லை. பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த டீசலுக்கு, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததற்கு, இன்னொரு கணக்கும் உண்டு. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, அவ்வப்போது இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

சிட்டி பெட்ரோல்

2014 ஜனவரியில் வந்த நாலாம் தலைமுறை சிட்டியின் 1.5 ஐ-விடெக் 119 பிஎஸ் (குதிரைத்திறன்), 145 நியூட்டன் மீட்டர் இழுவை. வால்வுகளை இயக்க டைமிங் செயின். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லை, நேரடி இன்ஜெக்ஷன் இல்லை. அதனாலேயே கெடுவதற்கு இடம் குறைவு. ஆனால் வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தானாகச் சரியாகும் அமைப்பும் இதில் இல்லை. 40,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.15 முதல் 0.19 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.26 முதல் 0.30 மி.மீ. இதை யாரும் கேட்பதில்லை.

டேப்பெட் லேசாக டிக்டிக் என்று அடித்தால் வாங்குகிறவர் பயப்படுகிறார். பயப்பட வேண்டியது அடிக்காத வண்டிக்கு. தேயத் தேய எக்ஸாஸ்ட் வால்வு தான் உட்காரும் வளையத்துக்குள் இறங்கும், இடைவெளி குறுகும், சத்தம் அடங்கும். கடைசியில் வால்வு முழுக்க மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தில் கசிந்து வால்வு விளிம்பையே அரித்துவிடும். வெளியிலிருந்து கேஸ் கிட் போட்டு ஓடிய சிட்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். கிட்டைக் கழற்றி விற்றாலும் தடம் இருக்கும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, சிலிண்டர் ஸ்டாண்டின் போல்ட் ஓட்டைகளைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் நாலு சிலிண்டருக்கும் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒன்று மற்றதைவிடப் பத்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இன்ஜின் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை.

சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் மெல்ல மிதித்துப் பாருங்கள். உதறல் வந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஃப்யூல் பம்ப் குறைக்காக ஹோண்டா ஒன்றுக்கு மேற்பட்ட முறை வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது. சேஸிஸ் நம்பரை ஹோண்டா இணையதளத்தில் போட்டால் வேலை முடிந்ததா என்று தெரியும்.

சிட்டி டீசல், 1.5 ஐ-டிடெக், 100 பிஎஸ். நல்ல மைலேஜ், நிறையச் சத்தம். சத்தம் பிறவியிலேயே உண்டு, அதைக் காட்டி விலை குறைக்க முடியாது.

வெர்னா

1.6 பெட்ரோல் 123 பிஎஸ். டைமிங் செயின், எளிய அமைப்பு, குடிக்கிற பெட்ரோலைத் தவிர குறை சொல்ல அதிகமில்லை. வாங்குகிறவர்கள் ஆசைப்படுவது 1.6 சிஆர்டிஐ டீசலுக்கு: 128 பிஎஸ், 260 நியூட்டன் மீட்டர். இந்த இழுவைதான் முதலில் கிளட்சைத் தின்கிறது. அடுத்து புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வும் இன்டேக் வழியும் கரி பிடிப்பது, டர்போவுக்குள் அசையும் விஜிடி இறகுகள் கரியில் சிக்குவது. 1,500 ஆர்பிஎம் பக்கம் மந்தமாக நின்று 2,200க்கு மேல் திடீரென்று பாய்ந்தால் இரண்டில் ஒன்று.

டர்போவைப் பார்க்க எளிய வழி உண்டு. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் பைப்பின் கிளாம்பைத் தளர்த்தி, விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பசை ஒட்டினால் சரி, எல்லா டீசலிலும் இருக்கும். சொட்டாக வழிந்தால் டர்போ சீல் போய்க்கொண்டிருக்கிறது. நிற்கும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டி கடகட சத்தம் கேட்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஸ்டீயரிங் மோட்டாரில் உள்ள சின்ன ரப்பர் கப்ளிங்தான். அதற்காக ஸ்டீயரிங் முழுசையும் மாற்றச் சொன்னால் வேறு பட்டறை போங்கள்.

2020இல் வந்த 1.0 டர்போ பெட்ரோல் 7 கியர் டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குடன் வரும். ஓட்டச் சுகம். பழையதாக வாங்க, அதே வருடத்து 1.5 பெட்ரோல் மேனுவல்தான் கவலை குறைந்தது.

சியாஸ்

2014இல் 1.4 பெட்ரோலும் 1.3 டீசலும் வந்தன. 2018இல் 1.5 பெட்ரோல், 105 பிஎஸ், 138 நியூட்டன் மீட்டர், எஸ்எச்விஎஸ் ஹைப்ரிட் உதவியுடன். வேகம் எதிர்பார்க்காதவருக்கு இந்தக் கூட்டத்திலேயே செலவு குறைந்த இன்ஜின் இந்த 1.5 பெட்ரோல்தான். 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான எஸ்எச்விஎஸ் பெட்ரோல் சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் குறைக்காக மாருதி திரும்ப அழைத்தது. உங்கள் வண்டி அந்தக் காலத்தது என்றால் சர்வீஸ் ரெக்கார்டில் அது இருக்க வேண்டும்.

1.3 டீசல் ஃபியட்டின் மல்டிஜெட், 1,248 சிசி. ஸ்விஃப்டிலும் டிசையரிலும் இதே இன்ஜின், எந்தப் பட்டறைக்கும் அத்துப்படி. கெடும் இடம் டைமிங் செயின். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி சரசரவென்று சங்கிலி உரசும், பிறகு அடங்கும். சூடான இன்ஜினில் இது கேட்காது. அதனால்தான் விற்பவர் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைப்பார். 2019இல் ஓராண்டு மட்டும் வந்த 1.5 டீசல் மாருதியே செய்தது, ஓட்ட நன்றாயிருக்கும். விற்றது கொஞ்ச காலம் என்பதால் உதிரி எளிதாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு எடுங்கள்.

இதே வகுப்பில் வரும் ஃபோக்ஸ்வாகன் வென்டோவும் ஸ்கோடா ரேபிடும் கட்டுமானத்தில் மற்றவற்றைவிட உறுதி. 1.5 டிடிஐ டீசலில் செயின் இல்லை, டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இவற்றின் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் உலர் கிளட்ச் உள்ளது. நெரிசலில் சூடேறி, கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு வலிக்கும். வாரண்டி இல்லாமல் தொடாதீர்கள்.

வண்டி முன்னால் நின்றதும்

காலையில் போங்கள், முதல் நாளே "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு. போனதும் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. வெள்ளை நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இன்ஜின் சூடானபின், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே ஓட்டை மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தாலோ, ஓட்டையிலிருந்து புகை பம்பம்மென்று தள்ளினாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மூடியின் உட்புறம் காப்பி நிறத்தில் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது.

டீசலுக்கு, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அதில் பதிவான கோளாறுக் குறியை (ஃபால்ட் கோடு) அழித்துவிட்டுக் காட்டலாம், அதனால் ஓடும்போதே காட்டும் லைவ் டேட்டாவைக் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் செய்யும் திருத்த அளவில் (இன்ஜெக்டர் கரெக்ஷன்) மூன்று ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அந்தச் சிலிண்டர்தான். உறுதி செய்ய ரிட்டர்ன் டெஸ்ட்: நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப்பை நாலு சின்னப் பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்ட வேண்டும். மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் நின்று ஒன்று மட்டும் இரட்டிப்பாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது.

சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. பாலக்காட்டுச் சமவெளியில் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். முடிந்தால் போத்துண்டியிலிருந்து நெல்லியாம்பதி ஏற்றத்தில், ஏசி போட்டு, நாலு பேரோடு ஏற்றிப் பாருங்கள். ஸ்கேனரில் கூலண்ட் சூடு 90, 100 டிகிரி பக்கம் நிலையாக நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

2018 வெள்ளம்

அந்த ஆகஸ்டில் கேரளத்தின் ஆலுவா, சாலக்குடி, வடக்கன் பறவூர், செங்கன்னூர் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அந்த ஊர்களின் கேஎல் 41, 64, 42, 30 என்று நம்பர் இருந்தாலே குற்றம் இல்லை. வேறு நம்பர் என்றால் தப்பு இல்லை என்றும் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவும்போது யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, நாடாவின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் முன்பின் நகரும் தடத்தில் துரு, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு, ஸ்டெப்னி குழியில் மணல், இவையும் சாட்சிகள். ஓடும்போது நீர் உறிஞ்சிய டீசலில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். கம்ப்ரஷன் விகிதம் அதிகம் என்பதால் பெட்ரோலைவிட டீசலுக்கு அடி பலமாக விழும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள்.

பேப்பர்

தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் நம்பரை மாற்றியாக வேண்டும். கேரள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றான என்ஓசிக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்தால் படிவம் 35ம் வங்கிக் கடிதமும். என்ஓசி வருமுன் நிலுவை அபராதம் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் போட்டு நீங்களே பாருங்கள். தமிழ்நாட்டு வரி வண்டியின் வயதைப் பொறுத்தது. விலை பேசுவதற்கு முன்பே அந்தத் தொகையை உங்கள் ஆர்டிஓவில் கேட்டு எழுதி வாங்குங்கள். என்ஓசி கைக்கு வரும்வரை மொத்தப் பணத்தையும் கொடுக்காமல் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.