நாட்பட்ட வலி எவ்வளவு கடுமை? அளக்கும் முறை

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை "பத்துக்கு எத்தனை?" என்ற ஒரே கேள்வியால் அளந்தால் பெரும்பகுதி விட்டுப்போகும். நரம்பு மண்டலம் எளிதில் தூண்டப்படுபவர்களுக்கு வலியோடு தூக்கக்கேடு, அசதி, கவனச்சிதறல், சத்தமும் வெளிச்சமும் தாங்காமை ஆகியவையும் சேர்ந்தே வரும். நடமாட்டம் நன்றாகத் தேறிய பிறகும் பலர் பழைய "எட்டு"தான் சொல்வார்கள்.

பெக் (PEG) என்ற வலி அளவுகோலில் தொடங்குங்கள். கேள்விகள் மூன்றே, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை: கடந்த வாரத்தில் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிக்க விடாமல் எவ்வளவு தடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்தது. கூட்டி 3-ஆல் வகுக்க வேண்டும். 30 சதவீதம் மாறினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம். 7 என்பது 6.5 ஆனதை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். வாரச் சராசரியைக் கேட்டால் அந்த நிமிட வலியைச் சொல்வது சகஜம். ஆகவே மோசமான நாள், லேசான நாள் இரண்டையும் நினைவுபடுத்திய பிறகு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்து, வலி எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது. உடலில் 19 இடங்கள், கடந்த 7 நாளில் வலித்த இடத்துக்கு ஒரு புள்ளி. தோள், மேல்கை, தாடை போன்றவற்றில் இடமும் வலமும் தனித்தனிக் கணக்கு. இங்கேதான் எண்ணிக்கை தப்புகிறது. இதனுடன் அசதி, தூங்கியும் களைப்போடு விழிப்பது, நினைவுத் தடுமாற்றம் மூன்றுக்கும் தலா 0–3. கடந்த 6 மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1. இந்த அறிகுறி மதிப்பெண்ணின் உச்சம் 12. ஃபைப்ரோமயால்ஜியா (உடலெங்கும் பரவிய நாட்பட்ட வலி நோய்) கண்டறியும் விதிகளின் 2016 திருத்தப்படி, பரவல் 7-க்குக் குறையாமலும் அறிகுறி 5-க்குக் குறையாமலும் இருந்தால், அல்லது பரவல் 4–6, அறிகுறி 9-க்குக் குறையாமல் என்றால், அந்த நோயை யோசிக்கலாம். ஆனால் வலி உடலின் 5 பகுதிகளில் 4-லாவது இருந்து, 3 மாதம் நீடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மைய உணர்திறன் (நரம்பு மண்டலம் வலிக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும் நிலை) வினாப்பட்டியல். 25 வரிகள், தலா 0–4, மொத்தம் 100. 30–39 லேசு, 40–49 நடுத்தரம், 50–59 கடுமை, 60-உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. இந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் ஆபத்து. தூக்கமின்மையும் பதற்றமும் மட்டுமே இருப்பவருக்கும் இது எகிறும். நரம்பின் நிலைக்கு இது நேரடிச் சான்று ஆகாது.

இந்த வினாப்பட்டியல்களில் இல்லாத ஒன்று மீட்சி நேரம். ஒரே தூரம் நடக்கச் சொல்லி, வலி பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலி எண் அசையாதபோதும் இது குறையக்கூடும். குறிப்பேட்டில் காலை, மாலை இருமுறை போதும். மணிக்கொருமுறை எழுதினால் கவனமே வலியைக் கூட்டக்கூடும்.

மறைவிடத்தைச் சுற்றி மரப்பு, சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழப்பு, கைகாலில் புதிதாக வலுக்குறைவு ஆகியவை இருந்தால் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ வலியோடு சேர்ந்தாலும் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.