வாய்தா கேட்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

விசாரணை தேதி நெருங்க நெருங்க, "இந்த ஒரு தடவை வாய்தா வாங்கிவிடலாமா?" என்று தோன்றுவது சகஜம். இந்தியாவில் சிவில் வழக்கு நடத்துகிறவர்கள் எந்த வரிசையில் யோசிக்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: அந்தத் தேதி எதற்காக?

இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) போட்டால் அடுத்த தேதியும் அன்றைய நோக்கமும் தெரியும். பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும்.

குறுக்கு விசாரணைக்கான நாள் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறத் தயாராக நிற்கிறார், உங்கள் தரப்பில் கேள்வி கேட்க ஆள் இல்லை என்று வையுங்கள். அவருடைய வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டு, குறுக்கு விசாரணை வேண்டாம் என்று உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எதிர்வழக்குரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப்பூர்வப் பதில், தாக்கல் செய்யும் கட்டமா? சம்மன் கிடைத்து 30 நாள், தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை. வாய்தா வாங்கியதால் மட்டும் இந்தக் கெடு நீளாது.

படி 2: இடைக்காலத் தடை எதுவரை?

பலர் கோட்டைவிடுவது இதில்தான். உங்களுக்குச் சாதகமான தடை "அடுத்த விசாரணை வரை" என்று இருந்தால், வாய்தாவோடு தடை நீட்டிப்பையும் கேட்க வேண்டும். தேதி தள்ளிப்போய், தடை நீட்டிக்கப்படாமல் விட்டால், உதாரணமாக நிலத் தகராறில் எதிர்த்தரப்பு மறுநாளே சுவர் எழுப்ப ஆரம்பிக்கலாம்.

படி 3: காரணம் நிற்குமா?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளைப்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது. தவிர்க்கவே முடியாத சூழலில் இது தளரலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பதைச் சட்டமே காரணமாக ஏற்பதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் அதற்கான சான்றிதழைக் கையில் வையுங்கள்.

படி 4: செலவுத் தொகை

வாய்தா தந்தால் எதிர்த்தரப்புக்குப் பணம் கட்டச் சொல்லலாம். தயாராக இருங்கள்.

படி 5: கேட்டு வாங்குங்கள், வராமல் இருக்காதீர்கள்

சரி, வாய்தாதான் என்று முடிவா? வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி மனு போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தகவல் போகட்டும். அவர் ஆட்சேபிக்காவிட்டால் வேலை சுலபம். மனு போட்டாலும் யாராவது ஒருவர் அன்று ஆஜராக வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலும் நீதிபதி மறுக்கலாம், அதனால் வழக்குக் கட்டு கையில் இருக்கட்டும். உங்கள் தரப்பில் யாருமே போகாவிட்டால், நீங்கள் வாதியா பிரதிவாதியா என்பதைப் பொறுத்து, வாதியின் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதிமீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு (அவர் தரப்பைக் கேட்காமலே தரும் தீர்ப்பு) வரலாம். அதை நீக்கக் கோரும் மனுவுக்குப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம்.