கொழுந்துக் கணக்கு மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் மென்பொருள் படித்த பிள்ளைகள் எழுதிப் பழக நல்ல களம், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கு. பார்க்கச் சின்ன வேலை. கிலோவைக் கூட்டி, செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேட்டில்) பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் தராசு மாறும், எடையில் கழிக்கும் கழிவு மாறும், சம்பளம் மாறும், சிக்னல் வரும் போகும். ஒன்று மாறும்போது மற்றது ஆடாமல் இருக்கத்தான் கட்டமைப்பு வடிவங்கள், அதாவது மென்பொருளின் பகுதிகளை இணைக்கும் பழகிய முறைகள். 1994இல் நால்வர் சேர்ந்து எழுதிய 'Design Patterns' நூலில் உள்ள 23 வடிவங்களில் 7 இந்த வகை. வடிவத்தைப் பலரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். எந்த வேலையை அதற்குள் வைப்பது என்பதில்தான் வழுக்குகிறார்கள்.

வேறு வேறு விதமாக வருவதை ஒரே விதமாக மாற்றித் தரும் அடாப்டரைப் பாருங்கள். ஒரு தராசு "20.40" என்று கிலோவை எழுத்தாக அனுப்பும், இன்னொன்று 20400 என்று கிராமை எண்ணாக அனுப்பும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதோடு அடாப்டரின் வேலை தீர்ந்தது. எடை இங்கேதானே வருகிறது என்று கூடைக்கும் ஈரத்துக்குமான கழிவையும் அதற்குள்ளேயே போட்டுவிடுவார்கள். சம்பளப் பகுதியை எழுதுபவருக்கு அது தெரியாது. அவர் பங்குக்கு அவரும் கழிப்பார். கழிவு 2 கிலோ, முழுப்பேருக்கு (முழு நாள் சம்பளத்துக்கு) 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20.4 கிலோ கொண்டுவந்த அக்காவுக்கு 18.4 விழ வேண்டும், முழுப்பேர். இரண்டு தடவை கழிந்தால் 16.4, அரைப்பேர். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சம்பள நாளில் சண்டைதான் வரும்.

சரி, கழிவுகளை டெகரேட்டராக (இருப்பதைச் சுற்றி இன்னொரு வேலையைச் சேர்க்கும் உறையாக) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாமே? தாராளமாக. வரிசையை மட்டும் ஒரே இடத்தில் கட்டிவையுங்கள். 20 கிலோவில் முதலில் 1 கிலோ, அப்புறம் 10 வீதம் கழித்தால் 17.1. மாற்றிப் போட்டால் 17. ஆளாளுக்கு ஒரு வரிசையில் அடுக்கினால், இந்த 100 கிராம் எங்கே போனது என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

தோட்டம், அதன் பிரிவான டிவிசன், கொழுந்து எடுக்கும் மலை, தொழிலாளி என்று அடுக்கு இருப்பதால், பகுதிகளை மரம்போல் கிளை கிளையாக அடுக்கும் கம்போசிட் எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வரும். கிலோவைக் கூட்ட அது அருமை. ஆனால் காலையில் ஒரு மலை, பின்னேரம் இன்னொரு மலை என்று ஒரே ஆள் கொழுந்து எடுப்பது சாதாரணம். அவரை இரண்டு கிளையிலும் தொங்கவிட்டால் அன்றைய மொத்தக் கிலோவை இரண்டு கிளையும் சொல்லும், தோட்டத்து மொத்தம் ஊதிவிடும். மரத்தின் நுனியில் வைக்க வேண்டியது ஆளை அல்ல, ஒவ்வொரு நிறுவையையும் (தராசில் ஒருமுறை நிறுத்த எடையையும்).

எனக்கு அதிகம் பயம் தருவது ப்ராக்ஸிதான். தூரத்து சர்வரைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டுவது அதன் திறமை, ஆபத்தும் அதுவே. சிக்னல் இல்லாத மலையில், பதில் வராதபோது 0 என்று திருப்பித் தரும் ப்ராக்ஸியைவிட மோசமானது இல்லை. கொழுந்து இல்லை என்பதும் இன்னும் தெரியாது என்பதும் வேறு வேறு. தெரியாததைத் தெரியாது என்றே மேலே அனுப்புங்கள். நிறுவையைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். அப்போது ஒவ்வொரு நிறுவைக்கும் தனி எண் இருக்கட்டும், மறுபடி வந்தாலும் சர்வர் அதை ஒருமுறை மட்டும் பதியட்டும். இல்லாவிட்டால் விட்டுவிட்டு வரும் சிக்னலில் ஒரே கூடை மூன்றாகிவிடும்.

உள்ளே இருக்கும் பல பகுதிகளுக்கு முன்னால் நிற்கும் ஃபசாடில் நடப்பது சோம்பல். சம்பளத்துக்கு ஒரே வாசல் வைக்கிறோம் என்று தொடங்கி, சேமலாப நிதி, கம்பெனி தரும் 3 வீத நம்பிக்கை நிதி, முற்பணம் எல்லாவற்றின் கணக்கையும் அந்த ஒரே கோப்பில் திணிப்பார்கள். வாசல் உரியவரைக் கூப்பிட்டுவிடட்டும், கணக்கு உள்ளே நடக்கட்டும்.

மற்றவற்றுக்கு அவசரமில்லை. அறிக்கை வகைகளும் அச்சிடும் வழிகளும் தனித்தனியாகப் பெருகத் தொடங்கிய பிறகு, இரண்டையும் பிரித்துவைத்து இணைக்கும் பிரிட்ஜ் போட்டால் போதும். ஒரே தரவைப் பலவற்றுக்கும் பகிர்ந்து நினைவகத்தை மிச்சம் பிடிக்கும் ஃப்ளைவெயிட், சில நூறு பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.